போர்டு மெதுவா, நிரல் மெதுவா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் எட்டாவது மாடியில் இருக்கும் பையன் ஒரு ஷூ பெட்டியோடு வந்து கதவைத் தட்டினான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பெட்டிக்குள் இரண்டு சக்கரத்தில் நிற்க வேண்டிய ரோபோ. தரையில் வைத்தால் நாலு முறை ஆடிவிட்டுக் குப்புற விழுந்தது.

"அங்கிள், ஊனோ ரொம்ப ஸ்லோ. அதான் சிம் லிம் டவர் போயி ஈஎஸ்பி32 வாங்கி மாத்தினேன். அதுலயும் விழுது. டீன்ஸி வாங்கினா சரியாயிடுமா?"

ஆர்டுயினோ ஊனோ, ஈஎஸ்பி32, டீன்ஸி மூன்றும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள், அதாவது கருவிகளை இயக்கும் சின்னக் கணினிகள். அவற்றுக்கு நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு. இந்தக் கேள்வியைக் கேட்காத வருடமே இல்லை.

அவன் கணக்கு இதுதான்: சிப்பின் கடிகார வேகம் ஊனோவில் 16 மெகாஹெர்ட்ஸ், ஈஎஸ்பி32 240, டீன்ஸி 4.0 600. எண் பெரிதாக இருந்தால் வேகம். எண்களெல்லாம் சரி. ஆனால் அவன் ரோபோவின் வேகத்தை அந்த எண் தீர்மானிக்கவே இல்லை. அளந்து பார்த்தோம். நிரலின் ஒவ்வொரு சுற்றிலும் போர்டின் ஒரு பின்னை (இணைப்பு முனையை) ஆன், ஆஃப் என்று மாற்றச் செய்து, மின் துடிப்புகளின் நேரத்தை அளக்கும் லாஜிக் அனலைசரை அதில் மாட்டினேன். ஊனோவில் ஒரு சுற்றுக்கு 41.7 மில்லி வினாடி. ஈஎஸ்பி32ஐ மாற்றி மாட்டினோம். அதிலும் 41.7! பையன் கேபிளைத்தான் சந்தேகப்பட்டான்.

காரணம் நிரலின் கடைசி வரியில் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கோணம், பிழை, மோட்டார் வேகம் எல்லாவற்றையும் சேர்த்து 40 எழுத்துகளை, ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் இணைப்பு வழியாகக் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தான், 9600 பாட் வேகத்தில், அதாவது வினாடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்கு 10 பிட், 40 எழுத்துக்கு 400 பிட். 400ஐ 9600ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 41.7 மில்லி வினாடி வரும். அனுப்ப வேண்டிய எழுத்துகள் வரிசையில் காத்திருக்கும் இடமான பஃபர் நிரம்பியதும், எவ்வளவு வேகமான சிப்பாக இருந்தாலும் கம்பியில் எழுத்து போய்ச் சேரும்வரை காத்துக்கொண்டு நிற்கும். வினாடிக்கு 24 முறை மட்டும் திருத்தம் செய்தால் ரோபோ எப்படி நிற்கும்?

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அவன் டீன்ஸி வாங்கியிருந்தால் அந்தத் தாமதம் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். டீன்ஸியில் சீரியல் நேரடியாக யூஎஸ்பி வழியே போகிறது, நிரலில் எழுதும் 9600க்கு அங்கே பொருளே கிடையாது. ரோபோ நின்றிருக்கும், பையனும் "600 மெகாஹெர்ட்ஸ்னா சும்மாவா" என்று நண்பர்களிடம் சொல்லியிருப்பான். தவறான பாடத்துக்கு நல்ல காசு போயிருக்கும்.

ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை மட்டும் அந்த எழுத்துகளை அனுப்பச் சொன்னேன். அடுத்து சென்சார். ரோபோவின் சாய்வை அறிய உதவும் எம்பியூ6050இலிருந்து 14 பைட் படிக்க, சென்சாரையும் போர்டையும் இணைக்கும் ஐ2சி வழக்கமான 100 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் ஒன்றரை மில்லி வினாடிக்கு மேல் ஆகிறது. அதை 400 ஆக்கினால் கால் பங்கு. இதுவும் எந்த போர்டாக இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டையும் திருத்தியபின் அதே பழைய ஊனோவில் ஒரு சுற்று 2 மில்லி வினாடிக்குள் முடிந்தது.

அப்படியானால் எல்லா போர்டும் ஒன்றா? இல்லவே இல்லை. கணக்கு வேலை என்று வந்துவிட்டால் வித்தியாசம் மெகாஹெர்ட்ஸ் காட்டுவதைவிடப் பெரிது. சிப்பின் கணக்கிடும் வேகத்தை அளக்கும் கோர்மார்க் என்ற சோதனையில் ஊனோவைப் போலவே 8 பிட், 16 மெகாஹெர்ட்ஸ் சிப் உள்ள ஆர்டுயினோ மெகா ஏறத்தாழ 7 புள்ளி எடுக்கிறது. ஈஎஸ்பி32 ஒரு கோரில் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதியில்) 350 சொச்சம், டீன்ஸி 4.0 2300க்கு மேல். கடிகார வேகத்தில் மெகாவுக்கும் டீன்ஸிக்கும் 37 மடங்குதான் இடைவெளி, வேலையிலோ 300 மடங்கைத் தாண்டுகிறது. 8 பிட் சிப் ஒரு 32 பிட் எண்ணைக் கூட்ட நாலு துண்டாக்கித்தான் கூட்டும். வகுத்தலுக்கு அதில் கட்டளையே இல்லை. டீன்ஸியின் கோர், கோர்டெக்ஸ் எம்7, ஒரே கடிகாரத் துடிப்பில் இரண்டு கட்டளைகளைக்கூட முடிக்கும்.

தசம எண்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ராஸ்பெர்ரி பை பிகோவின் ஆர்பி2040இல் இரண்டு கோர் உண்டு, தசமக் கணக்குக்கென்றே உள்ள எஃப்பியூ என்ற சுற்று கிடையாது. 2024இல் வந்த பிகோ 2இன் ஆர்ம் கோர்களில் உண்டு. ஈஎஸ்பி32இலும் ஊனோவின் புதிய பதிப்பான ஆர்4இலும் உண்டு, ஆனால் 4 பைட் தசம எண்ணான ஃப்ளோட்டுக்கு மட்டும். அங்கே 0.98 என்று எழுதினால், நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை இரு மடங்கு நீளமான டபுளாக எடுத்துக்கொண்டு மென்பொருளிலேயே முக்கி முனகிக் கணக்குப் போடும். பின்னால் ஓர் எஃப் சேர்த்து 0.98f என்று எழுதினால்தான் எஃப்பியூ வேலைக்கு வரும். பழைய ஊனோவில் டபுளும் ஃப்ளோட்டும் ஒரே 4 பைட் என்பதால் இந்தப் பிரச்சினை தெரியாது. அங்கே எழுதிய நிரலை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் வலை.

நீங்களே அளப்பதானால் ஓர் எச்சரிக்கை. எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஒருவர், பத்து லட்சம் கூட்டல் பூஜ்ஜிய மைக்ரோ வினாடியில் முடிந்ததாக முகமெல்லாம் சிரிப்போடு காட்டினார். விடையை எங்கும் பயன்படுத்தாததால் கம்பைலர் அந்த லூப்பையே தூக்கி எறிந்திருந்தது. மாறியை வொலட்டைல் (கம்பைலர் தூக்கி எறியக் கூடாதது) என்று அறிவியுங்கள், அல்லது விடையைக் கடைசியில் அச்சிடுங்கள். ஊனோவில் நேரம் சொல்லும் மைக்ரோஸ் எண் 4, 4 மைக்ரோ வினாடியாகத்தான் ஏறும் என்பதால், ஒரு பெருக்கலை அளக்காமல் ஆயிரம் பெருக்கலை அளந்து வகுத்துக்கொள்ளுங்கள். ஆமாம், போர்டு மாற்றும்போது மின்னழுத்தத்தையும் பாருங்கள். ஊனோவின் 5 வோல்ட் சென்சாரை, அதைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் ஈஎஸ்பி32இல் நேராக மாட்டி போர்டை எரித்தவர்களை எனக்குத் தெரியும்.

ரோபோ இப்போது புளோக் கீழ்த்தளத்தில் நிற்கிறது, பழைய ஊனோவோடுதான். போன வாரம் அவன் மறுபடி வந்தான். அம்மா வாசிக்கும் வீணையின் சுருதியை அளந்து காட்டும் கருவி செய்ய வேண்டுமாம். ஒலியின 1024 மாதிரிகளை எஃப்எஃப்டி செய்ய, அதாவது அதில் கலந்திருக்கும் அதிர்வெண்களைப் பிரித்துப் பார்க்க, மெய்ப்பகுதி கற்பனைப்பகுதி இரண்டையும் ஃப்ளோட்டில் வைத்தால் 8 கிலோபைட் நினைவகம் வேண்டும். ஊனோவில் இருப்பதே 2.

"இதுக்கு வேற போர்டு வேணும்பா" என்றேன். வாங்கி வைத்த ஈஎஸ்பி32ஐப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.