சுகவனிதையர் கிளினிக்: போக நினைத்தும் போகாமல் விடுவது ஏன்?

உங்களுக்கு 35 வயதாகிவிட்டதா? அப்படியென்றால் உங்கள் பகுதி எம்.ஓ.எச். ஒபிஸின் (சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின்) கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு நீங்கள் போகலாம். குடும்ப சுகாதாரப் பணியகம் 1996இல் தொடங்கிய திட்டம் இது. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பிரஷர், சீனி பார்ப்பார்கள். மார்பில் கட்டி ஏதும் உண்டா என்று கையால் தடவிப் பார்ப்பார்கள், அதை வீட்டில் நீங்களே பார்க்கும் முறையையும் சொல்லித் தருவார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனையும் (கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களை எடுத்துப் பார்ப்பது) அங்கேதான். 35 வயதில் ஒரு முறை, 45இல் இன்னொரு முறை என்பது திட்டத்தின் முக்கிய இலக்கு. 35ஐத் தவறவிட்டவர்கள் 45 வரை காத்திருக்க வேண்டாம், இடையிலேயே போய்க் கேட்கலாம்.

இவ்வளவும் இலவசம், மிட்வைஃப் வீடு தேடி வந்தும் சொல்கிறார். பிறகும் பலர் போவதில்லை. அக்கறையில்லாதவர்கள் என்று அவர்களைப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நடத்தைசார் பொருளியல் என்ற துறை இதை வேறுவிதமாகப் பார்க்கிறது. மனிதர் எல்லோரும் இன்றைய சிரமத்தைப் பெரிதாகவும் நாளைய நன்மையைச் சின்னதாகவும் பார்க்கிறோம். சம்பூரிலிருந்து மூதூருக்கு ஓட்டோக் காசு, அரை நாள் கூலி, அடுப்பில் கிடக்கும் சமையல், எல்லாம் இன்றைக்கே கண்முன் நிற்கின்றன. புற்றுநோயோ எப்போதோ, யாருக்கோ வருகிற ஒன்றாகத் தெரிகிறது. அதனால், ‘கோணேசர் திருவிழா முடியட்டும்’, ‘பிள்ளையின் ஸ்கொலர்ஷிப் சோதினை முடியட்டும்’ என்று தள்ளிப்போகிறது. மறுப்பு இல்லை, தவணைதான். ஆனால் அந்தத் தவணைக்கு ஒரு தேதி கிடையாது.

தேதிதான் இங்கே பெரிய விஷயம். அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கடிதம் அனுப்பினார்கள். சிலருடைய கடிதத்தில் மட்டும், எந்த நாள், எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று எழுதிக்கொள்ள ஓர் இடம் விட்டிருந்தார்கள். அதை யாரும் வாங்கிப் பார்க்கவும் இல்லை. சாதாரணக் கடிதம் கிடைத்தவர்களில் 33 வீதம் பேர் ஊசி போட்டார்கள், நாளும் மணியும் எழுதச் சொன்னவர்களில் 37 வீதம் பேர். 2011இல் வெளியான ஆய்வு இது. இன்னொன்றில், ஊழியர்களுக்கு நேரத்தை முன்கூட்டியே குறித்துக் கொடுத்து, வேண்டாமென்றால் மாற்றலாம் என்றார்கள். அங்கே 45 வீதம் போட்டார்கள், தாங்களே பதியட்டும் என்று விட்டவர்களில் 33 வீதம்தான்.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியைப் பாடசாலையிலேயே போடுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. தாய் ஒரு நாளைத் தேடிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. நாளும் இடமும் ஏற்கனவே குறித்தாகிவிட்டது. மகளுக்குக் கிடைக்கும் அந்த வசதி அம்மாவுக்கும் கிடைக்க வேண்டும். “வாங்கோ அக்கா” என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதிலாக, “வாற செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு உங்களுக்குப் பதிஞ்சிருக்கிறன், ஏலாட்டி சொல்லுங்கோ” என்று மிட்வைஃப் சொன்னால் எவ்வளவு வித்தியாசம்! யாருக்கு 35 ஆகிறது என்பது அவருடைய குடும்பப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

அப்புறம் பயம். “போனா என்னத்தையாவது கண்டுபிடிச்சு மஹரகமவுக்கு அனுப்பிப்போடுவாங்கள்” என்ற பேச்சை நம் வீடுகளில் கேட்காதவர் இல்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் அந்த ஊரின் பெயரே நோயின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கருப்பைக் கழுத்தில் மாற்றம் தொடங்கி அது புற்றுநோயாக வளரப் பொதுவாகப் பல வருடங்கள் எடுக்கும். பாப் பரிசோதனை தேடுவது முக்கியமாக அந்த ஆரம்ப மாற்றத்தைத்தான். அந்த நிலையில் கண்டால், புற்றுநோயாக மாறும் முன்பே சின்னச் சிகிச்சையோடு நிறுத்திவிடலாம். சோதித்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். “எனக்கு ஒண்டும் செய்யல்லையே” என்பதும் காரணமாகாது, ஆரம்ப மாற்றத்துக்கு வலியோ இரத்தமோ இராது.

வெட்கத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். கிளினிக்கில் மிட்வைஃப்மார் எல்லோரும் பெண்கள். திரை மறைவில்தான் பார்ப்பார்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண் வைத்தியர் வேண்டுமென்றால் அவர் வரும் நாளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. மாதவிடாய் நாட்களில் பாப் பரிசோதனை செய்வதில்லை. முந்தைய இரண்டு நாட்கள் உடலுறவையும், உள்ளே வைக்கும் மருந்துகளையும் தவிர்க்க வேண்டும். பதில் அன்றே கிடைக்காது, எப்போது, எப்படி அறிவிப்பார்கள் என்று கேட்டுவிட்டே வெளியே வாருங்கள்.

தனியாகப் போக மனம் வராவிட்டால் மச்சாளையோ பக்கத்து வீட்டு அக்காவையோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஓட்டோவில் காசும் பாதியாகும், இன்னொருவர் வாசலில் வந்து நிற்கும்போது ‘அடுத்த மாசம்’ என்று சொல்லவும் வராது. கிண்ணியாவோ, நிலாவெளியோ, தம்பலகாமமோ, உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கிளினிக் நடக்கும் நாளைக் கேளுங்கள். சரி, எந்த நாள், எத்தனை மணி, யாரோடு என்ற மூன்றையும் சுவரில் தொங்கும் கலண்டரிலேயே எழுதிவிடுங்கள், வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி.