நியூயார்க் கண்ணாடியும் கும்பகோணத்து மேற்கு வெயிலும்

"அமெரிக்காவில கண்ணாடிக் கட்டடம் எழுபது வருஷமா நிக்குது சார், இங்கே நிக்காதா?" எலிவேஷன், அதாவது கட்டட முகப்பு, பேச்சு வந்தாலே கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை எங்கும் இதே கேள்விதான். செல்போனில் நியூயார்க் படம் தயாராக இருக்கும். கட்டப்போவது மேற்குப் பார்த்த மூன்று மாடி ஜவுளிக்கடை. கீழிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை கண்ணாடியும் ஏ.சி.பி. ஷீட்டும் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) வேண்டுமாம். சரி, அங்கே என்ன நின்றது என்று பார்த்துவிடுவோம்.

பார்க் அவென்யூவில் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு அலுவலகக் கோபுரங்கள். ஒன்று லீவர் ஹவுஸ், 1952. சோப்புக் கம்பெனிக்காகக் கட்டடக் கலைஞர் கார்டன் பன்ஷாஃப்ட் வடிவமைத்தது. 24 மாடி, நீலப்பச்சைக் கண்ணாடி, ஒரு ஜன்னலும் திறக்காது. இன்னொன்று சீக்ராம், 1958. மீஸ் வான் டெர் ரோவும் பிலிப் ஜான்சனும் செய்தது. 38 மாடி, வெண்கலச் சட்டம்.

லீவர் ஹவுஸில் கட்டடம் நின்றது, கண்ணாடிச் சுவர் நிற்கவில்லை. வெளியே பளபளத்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உள்ளே மறைந்திருந்தது சாதாரண இரும்பு. இணைப்பு வழியே தண்ணீர் இறங்கியது. இரும்பு துருப்பிடித்து உப்பி, சட்டத்தை நெளித்து, கண்ணாடியை உடைத்தது. 1990களில் பார்த்தால் முதலில் மாட்டிய கண்ணாடியில் நூற்றுக்கு ஒன்றுதான் மிச்சம். மொத்தத்தையும் கழற்றி, உள்ளே அலுமினியம் வைத்து, 2001 வாக்கில் புதிதாக மாட்டி முடித்தார்கள். நாம் அலுமினியத்துக்குப் பின்னால் எம்.எஸ். (சாதாரண இரும்பு) பைப்பை அரைகுறையாக ரெட் ஆக்ஸைடு அடித்து வெல்டிங் வைக்கிறோமே, அதே நோய்தான். நாகப்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம் வரும்.

சீக்ராமின் வெண்கலம் அப்படி உப்பாது. ஆனால் நிறம் மாறாமலிருக்க ஆண்டுதோறும் எண்ணெய் தேய்க்கிறார்கள். லீவர் ஹவுஸில் கண்ணாடி துடைக்க மொட்டைமாடியில் தண்டவாளம் போட்டுத் தொங்கு தொட்டிலே வைத்தார்கள். நம் மூன்றாம் மாடியை யார் துடைப்பது என்று கேட்டால், "மழை கழுவிடும்" என்கிறார்கள். மழை கழுவாது, கோடு போடும். போர்வெல் தண்ணீர் அடித்தால் உப்புப் படலம் வேறு.

கரண்டுக்கு வருவோம். 2012-ல் வெளியான எரிசக்தி மதிப்பெண்ணில், நூற்றுக்கு லீவர் ஹவுஸ் 20, சீக்ராம் 3; மதிப்பெண் கூடினால் சிக்கனம் என்று பொருள். அதே ஊரில் 1931-ல் கட்டிய, முழுக் கண்ணாடிச் சுவர் இல்லாத எம்பயர் ஸ்டேட் 80. இடையில் அதைப் புதுப்பித்ததும் ஒரு காரணம் என்றாலும், மூன்று என்பது மூன்றுதான்.

இதைச் சொன்னதும் வரும் பதில்தான் பொறுமையைச் சோதிக்கிறது: "உள்ளே ஸ்கிரீன் போட்டுக்கலாம் சார்." ஐயா, வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் தாண்டியதுதான். ஸ்கிரீன் கண் கூசாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் வெயிலை வாங்கி அதுவே சூடாகி, அந்தச் சூட்டை உங்கள் அறைக்குள்தான் விடும். சீக்ராமிலும் உள்ளே பிளைண்ட் உண்டு. முழுதும் திறப்பு, பாதி, முழுதும் மூடல் என்று மூன்றே நிலை. அதுவும் வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காகத் தெரிவதற்காக. வெயிலை நிறுத்துவதென்றால் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும். பெரிய கடைத்தெருவில் மத்தியானம் படுதா இறக்கிவிடும் பாத்திரக்கடைக்காரருக்கு இது தெரியும். லட்சக்கணக்கில் கண்ணாடி போட்டவர்கள்தான் மே மாதம் வெளியே பச்சை வலை கட்டுகிறார்கள். கறுப்புக் கண்ணாடியும் அப்படித்தான், தானே கொதித்து உள்ளே அனலடிக்கும்.

கண்ணாடி கட்டாயம் வேண்டுமென்றால் வடக்கே போடுங்கள். தெற்கில் இரண்டடி சன்ஷேட் உதவும். மேற்கில் மாலை வெயில் தாழ வருவதால் சன்ஷேட்டுக்கு அடியில் புகுந்துவிடும், அங்கே செங்குத்துப் பலகைகள் வேண்டும். எரிசக்திச் சிக்கனக் கட்டட விதி (2017) கண்ணாடிக்கு வைத்த வரம்பு வெளிச்சுவரில் 40 சதவீதம். சின்னக் கடைக்கு அது கட்டாயமில்லாமல் போகலாம், வெயில் அப்படி விலக்குத் தராது. டீலரிடம் நிறம் கேட்காதீர்கள், எஸ்.எச்.ஜி.சி. (மேலே விழும் வெயில் சூட்டில் உள்ளே வரும் பங்கு) எவ்வளவு என்று கேளுங்கள். சாதா 6 மி.மீ. கண்ணாடி 0.8 அளவில் இருக்கும். அந்த விதிப்படி நம் ஊர்ப் பக்கம் வடக்கு உட்பட எல்லாப் பக்கங்களுக்கும் 0.27-க்குள் வேண்டும்.

ஸ்க்ரூ எல்லாம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்); கடலோரத்தில் 316 தரம். இரும்பு பிராக்கெட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர். புளிப்பு வாடை வரும் சிலிக்கானில் கண்ணாடி ஒட்ட விடாதீர்கள், அது மீன்தொட்டிக்கு.

ஸ்லாப் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலச் சந்து இருக்கும், ஃபால்ஸ் சீலிங் மறைத்துவிடும். கீழ்மாடியில் தீப்பிடித்தால் புகை அந்தச் சந்து வழியாகத்தான் மேலேறும். ராக்வூல் (தீப்பிடிக்காத கல்நார்ப் பஞ்சு அல்ல, பாறையை உருக்கி இழுத்த பஞ்சு) அடைத்து ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) அடியுங்கள், தயவுசெய்து தெர்மகோல் வேண்டாம். மாடிக்கு நாலு ஜன்னலாவது திறக்கட்டும். கரண்ட் போன நேரத்துக்கும் அதுதான் வழி.

கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். ஃபேப்ரிகேட்டர் பையன் "ஓட்டை இருக்கு" என்று அதையும் சிலிக்கானால் அடைத்துவிடுவான்; பக்கத்திலேயே நில்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன், ஃபால்ஸ் சீலிங் ஏறுவதற்கு முன், ஒவ்வொரு இணைப்பிலும் கீழிருந்து மேலாக ஹோஸ் பைப்பில் கால் மணி நேரம் தண்ணீர் அடித்து, உள்ளே ஈரம் தெரிகிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.