பலபடி மின்வாய்: சொல்லும் பொருளும்

சென்னை ரிச்சி தெருக் கடைகளில் வெள்ளி நிறத் தட்டைப் பையாக விற்கும் ‘லித்தியம் பாலிமர்’ பேட்டரியின் மின்வாய்கள் (எலக்ட்ரோடுகள், அதாவது மின்னோட்டம் புகுந்து வெளியேறும் முனைகள்) பாலிமரால் ஆனவை அல்ல. அவை வழக்கமான கிராஃபைட்டும் உலோக ஆக்சைடுமே. பெயரிலுள்ள பாலிமர் அவற்றுக்கு இடையில் அயனிகளைக் கடத்தும் மின்பகுபொருளைக் குறிக்க வந்தது. மின்னூட்டத்தைத் தானே ஏற்றுச் சேமிக்கும் பாலிமரைத்தான் ‘பலபடி மின்வாய்’ என்பது குறிக்கிறது.

எலக்ட்ரோடு என்ற சொல்லை 1834இல் மைக்கேல் ஃபாரடே வழங்கினார். அதன் பின்பாதியான ‘ஹோடோஸ்’ கிரேக்கத்தில் வழியைக் குறிக்கும். வாயில், வாய்க்கால் ஆகியவற்றில் தமிழின் ‘வாய்’ புகும் வழியாகவே நிற்பதால், ‘மின்முனை’யைவிட ‘மின்வாய்’ எனக்கு உகந்ததாகப் படுகிறது. பாலிமர், 1833இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் தந்த சொல்; பல பகுதிகளை உடையது என்பது பொருள். இலங்கையில் வழங்கும் ‘பல்பகுதியம்’ அதன் நேர்பெயர்ப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘பலபடி’யில் படி என்பதை நகல் என்று கொண்டால், ஒரே அலகு மீண்டும் மீண்டும் தொடுக்கப்பட்ட சங்கிலி கண்முன் நிற்கிறது.

வழக்கமான மின்வாயில் லித்தியம் அயனி படிக அடுக்குகளுக்குள் நுழைந்து வெளியேற வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கிறது. அடுக்குகள் விரிந்து சுருங்கி நாளடைவில் விரிசலும் விடுகின்றன. 2002இல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவன ஆய்வாளர்கள் மின்வாயாக்கிக் காட்டிய பலபடியிலோ, சங்கிலியில் தொங்கும் ஒவ்வொரு நைட்ராக்சில் உறுப்பும் (நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்த அணுத்தொகுதி) மின்னேற்றத்தின்போது ஓர் எலக்ட்ரானை இழக்கிறது, மின்னிறக்கத்தின்போது திரும்பப் பெறுகிறது; பிணைப்பு எதுவும் அறுவதில்லை. விரைவுக்கும் நீடிப்புக்கும் காரணம் இதுவே. அதே உறுப்பு தனி மூலக்கூறாக இருந்தால் மின்பகுபொருளில் கரைந்து போய்விடும். சங்கிலியே அதைப் பிடித்து வைக்கிறது. ஆனால் அயனிகள் உள்ளே வருவதற்குச் சங்கிலி சற்று ஊறவும் வேண்டும். ஊற வேண்டும், கரையக் கூடாது: வடிவமைப்பின் கடினமான பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அந்தப் பலபடியின் கோட்பாட்டுக் கொள்திறன், அதாவது கணக்குப்படி அது சேமிக்கக்கூடிய அதிகபட்ச மின்னூட்டம், கிராமுக்கு 111 மில்லிஆம்பியர்-மணி மட்டுமே. மின்சாரத்தை எளிதில் கடத்தாததால் கரித்தூளும் கணிசமாகக் கலக்க வேண்டியுள்ளது; கரி கூடக்கூடச் சேமிக்கும் பொருளுக்கான இடம் குறைகிறது. இடப்பிரச்சினை புதிதன்று. லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான அகிரா யோஷினோ, 1983இல் தம் முன்மாதிரியின் எதிர்மின்வாயைப் பாலிஅசிட்டிலீன் என்ற பலபடியால்தான் செய்தார். அதன் அடர்த்தி குறைவு என்பதால் பேட்டரியைச் சிறிதாக்க இயலவில்லை; பிறகே அவர் கார்பன் பொருளுக்கு மாறினார்.