இரண்டு வயரும் ஒரு வரியும்: மலிவு ஜிபிஎஸ்ஸைப் படகு ரேடியோவோடு இணைப்பது

படகுகளில் பொருத்தும், டிஎஸ்சி (எண்களால் ஆன அழைப்பு) வசதியுள்ள விஎச்எஃப் ரேடியோவின் முகப்பில், சின்ன மூடிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். மூடியைத் தூக்கிச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், ரேடியோ 70-ஆம் சேனலில், அதாவது 156.525 மெகாஹெர்ட்ஸில், எண்களால் ஆன ஒரு செய்தியைத் தானாகவே அனுப்பும். படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணான எம்எம்எஸ்ஐ (இந்தியப் படகுக்கு 419 என்றும் இலங்கைப் படகுக்கு 417 என்றும் தொடங்கும்), என்ன ஆபத்து, படகு எங்கே இருக்கிறது, அப்போது மணி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அந்த 'எங்கே'தான் சிக்கல். ரேடியோவுக்குத் தன் இடம் தெரியாது. யாரும் சொல்லித் தராவிட்டால், இடத்துக்கான பத்து இலக்கங்களிலும் 9 என்று நிரப்பி அனுப்பிவிடும். செய்தியைக் கேட்டவருக்கு யாரோ ஆபத்தில் இருப்பது தெரியும், எந்தப் பக்கம் போவது என்று தெரியாது.

புது ரேடியோக்கள் பலவற்றில் ஜிபிஎஸ் உள்ளேயே வருகிறது. அது இல்லாத செட்டுகளின் பின்பக்கம் சில மெல்லிய வயர்கள் தொங்கும். பலர் அவற்றை டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே மனம் பதறும். சில நூறு ரூபாய் ஜிபிஎஸ் பலகை (சர்க்யூட் போர்டு) ஒன்றை அந்த வயர்களில் இணைத்தால், சிவப்புப் பொத்தானுக்கு முழு அர்த்தம் வந்துவிடும்.

இரண்டு கருவிகளும் பேசிக்கொள்ளும் மொழி என்எம்இஏ 0183. 1983-இல் அமெரிக்கக் கடல்சார் மின்னணுச் சங்கம் வகுத்தது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஜிபிஎஸ் விநாடிக்கு ஒருமுறை சில வரிகளை அனுப்பும். ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கும், நடுவில் காற்புள்ளிகள் பிரிக்கும், கடைசியில் நட்சத்திரக் குறியும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் வரும். வழியில் ஓர் எழுத்து கெட்டாலும் கணக்கு உதைக்கும், ரேடியோ அந்த வரியைத் தள்ளிவிடும்.

நமக்கு முக்கியமானது இடத்தையும் நேரத்தையும் சொல்லும் ஆர்எம்சி என்ற வரி. ராமேசுவரத்தில் நின்று அதைப் பார்த்தால் 0917.280 என்றும் 07918.780 என்றும் இரண்டு எண்கள் தெரியும். முதல் எண்ணை 9.1728 டிகிரி என்று படித்துவிடக் கூடாது. அது 9 டிகிரி, 17.280 நிமிடம். கைப்பேசி வரைபடம் இதே இடத்தை 9.288 டிகிரி என்று காட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேடுபவர் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பார். அந்த வரியில் 'ஏ' அல்லது 'வி' என்று ஓர் எழுத்தும் இருக்கும். 'ஏ' என்றால் இடத்தை நம்பலாம். 'வி' என்றால் செயற்கைக்கோள்கள் இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை.

சரி, இணைப்புக்கு வருவோம். யூஎஸ்பி முனையோடு வரும் ஜிபிஎஸ்ஸை வாங்காதீர்கள். அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கணினி வேண்டும், ரேடியோ கணினி இல்லை. நியோ-6எம் போன்ற சில்லு உள்ள, டிஎக்ஸ் என்று குறித்த, தகவலை வெளியே அனுப்பும் முனையோடு வரும் பலகைதான் நமக்குத் தோது.

அந்த முனையை நேராக ரேடியோவின் என்எம்இஏ வயரில் முறுக்கிவிட்டால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மொட்டைமாடியில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தும் திரையில் இடம் வரவில்லை. காரணங்கள் இரண்டு.

ஒன்று, மின்னழுத்தத்தின் திசை. பலகை எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது டிஎக்ஸ் முனையில் 3.3 வோல்ட் இருக்கும். ரேடியோ எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறு: சும்மா இருக்கும் நேரத்தில் அதன் பிளஸ் வயர் மைனஸ் வயரைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பிட்டும் தலைகீழாகப் போய்ச் சேர்கிறது. தீர்வு சுலபம். மேக்ஸ்3232 என்ற சில்லு உள்ள சின்ன மாற்றிப் பலகையை நடுவில் வைத்தால் அது திசையைப் புரட்டிப் போடும், மின்னழுத்தத்தையும் கூட்டித் தரும். அதன் வெளியீடு ரேடியோவின் பிளஸ் உள்ளீட்டுக்கு, தரை வயர் மைனஸுக்கு. வயர் நிறத்தை நம்பாதீர்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கையேட்டைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். மாற்றி வாங்காமல் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் போடும் குறுக்குவழியும் உண்டு. ஆனால் சில செட்டுகளில் அந்த மைனஸ் உள்ளுக்குள் பேட்டரியின் மைனஸோடு சேர்ந்திருக்கும், பலகை கெட்டுப்போகலாம்.

இன்னொன்று, வேகம். ரேடியோ 4800 பாட் (விநாடிக்கு 4800 பிட்) வேகத்தில் கேட்கிறது, நியோ-6எம் 9600-இல் பேசுகிறது. கணினியில் இணைத்து இதை மாற்றலாம். ஆனால் சில பலகைகளில் அந்த மாற்றம் சின்ன பேட்டரி ஒன்றின் தயவில்தான் நிற்கும். பேட்டரி செத்தால் பழைய 9600-க்கே திரும்பிவிடும். கடலுக்குள் போனபிறகா இது தெரியவர வேண்டும்? அதனால் நடுவில் ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகை ஒன்றை வைத்து, 9600-இல் வாங்கி 4800-இல் சொல்லச் செய்வதையே நான் விரும்புகிறேன்.

அதில் இன்னொரு லாபமும் உண்டு. 4800 பாட் என்றால் விநாடிக்கு 480 எழுத்துகள்தான் போகும். ஒரு வரியே 82 எழுத்துகள் வரை நீளலாம். எந்தச் செயற்கைக்கோள் எங்கே நிற்கிறது என்றெல்லாம் ஜிபிஎஸ் சொல்லும் வரிகள் சேர்ந்தால் குழாய் நிரம்பி வழியும். ஆர்டுயினோ ஆர்எம்சியை மட்டும் அனுப்பினால் போதும். அப்புறம், ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் செயற்கைக்கோள்களைப் பிடிக்கும் புதிய பலகைகள் வரியின் தொடக்கத்தில் ஜிபி என்பதற்குப் பதில் ஜிஎன் என்று போடும். பழைய ரேடியோ சில அதை ஏற்காது. அதையும் அங்கேயே மாற்றி, சரிபார்ப்பு எண்ணைப் புதிதாகக் கணக்கிட்டு அனுப்பலாம்.

படகின் 12 வோல்ட்டைக் குறைத்துத்தான் பலகைக்குக் கொடுக்க வேண்டும். ஆன்டெனா வானத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். ஃபைபர் கூரைக்கு அடியில் பெரும்பாலும் வேலை செய்யும், இரும்புத் தகட்டுக்கு அடியில் செய்யாது.

எல்லாம் முடிந்ததும் சோதிக்கிறேன் என்று சிவப்புப் பொத்தானை அழுத்திவிடக் கூடாது, அது உண்மையான அபாய அழைப்பாகவே போகும். ரேடியோ திரையில் இடமும் நேரமும் வந்து, எண்கள் மாறிக்கொண்டிருந்தால் இணைப்பு சரி. நேரம் ஐந்தரை மணி பின்தங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது உலகப் பொது நேரம்.

ஆபத்து வந்து பொத்தானை அழுத்தியபிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. டிஎஸ்சியின் அடிப்படைச் செய்தியில் டிகிரியும் முழு நிமிடமும் மட்டுமே அடங்கும். 17.280 என்பது 17 ஆகப் போகும், மிச்சம் உதிர்ந்துவிடும். ஒரு நிமிட அட்சரேகை என்பது ஒரு கடல்மைல், 1.85 கிலோமீட்டர். இருட்டில், அலையில், அது பெரிய தூரம். அதனால் உடனே, ஆபத்தில் குரலால் அழைக்கும் 16-ஆம் சேனலுக்கு வந்து, திரையைப் பார்த்து, புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்களையும் சேர்த்து வாயால் சொல்ல வேண்டும்: ஒன்பது டிகிரி, பதினேழு புள்ளி இரண்டு எட்டு, வடக்கு.