வரப்பு போட விவசாயி ஏன் யோசிக்கிறார்?

ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மேல்மண் கரைந்து போனால் அது 10 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 13 டன். ஒரு பெரிய டிப்பர் லாரிச் சுமை. ஆனால் வயலில் நிற்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த உழவில் கீழ்மண் மேலே வந்து கலந்துவிடும். மகசூல் குறைந்தால் மழையைக் குறை சொல்லலாம், விதையைக் குறை சொல்லலாம். உரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் அந்தக் குறையும் சில வருடம் மறைந்துகிடக்கும்.

விவசாயிகள் மண் பாதுகாப்பை ஏற்காததற்கு ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று எழுதிவிடுவது சுலபம். மழைநீரைத் தடுத்து மண்ணை நிறுத்தும் வரப்புக்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவர் தரப்பு புரியும்.

3 சதவீதச் சரிவுள்ள நிலம் என்று வைத்துக்கொள்வோம். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போடும் சமஉயர வரப்புகளுக்கு இடையே எவ்வளவு இறக்கம் விடலாம் என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: சரிவு சதவீதத்தை 3-ஆல் வகுத்து, 2 கூட்டி, 0.3-ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை. இங்கே 0.9 மீட்டர். அதாவது 30 மீட்டருக்கு ஒரு வரப்பு. ஹெக்டேருக்குச் சுமார் 330 மீட்டர் நீளம். உயரம் 60 செ.மீ., மேலகலம் 40 செ.மீ., பக்கச்சரிவு ஒன்றுக்கு ஒன்றரை என்றால் அடியகலம் 2.2 மீட்டர் வரும். நிலத்தில் 7 சதவீதம் வரப்புக்கே போய்விட்டது. வெட்டிப்போட வேண்டிய மண் 260 கன மீட்டர். ஒருவர் நாளுக்கு 2.5 கன மீட்டர் வெட்டுவார் என்றாலும் நூறு ஆள் வேலை.

செலவும் நில இழப்பும் இந்த வருடமே. பலன் வர வருடங்கள் ஆகும். அதிலும் ஒரு பங்கு வேறொருவருக்கு, வண்டல் வந்து மேடாகாமல் தப்பிக்கும் கீழ்ப்புற ஏரிக்குப் போகிறது. வருடா வருடம் குத்தகையைப் புதுப்பிப்பவரிடம் போய், பத்து வருடம் கழித்து இந்த மண் நன்றாக இருக்கும் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

அடுத்த சிக்கல் பக்கத்து நிலம். சமஉயரக் கோடு பட்டா எல்லையைப் பார்த்துப் போவதில்லை. மேல்நிலத்துக்காரர் வரப்பு போடாவிட்டால் அவர் வெள்ளமும் சேர்ந்து வந்து கீழ்நிலத்து வரப்பை உடைக்கும். எல்லையிலேயே வரப்பு போட்டுக்கொள்கிறேன் என்று விவசாயி சொல்வது அறியாமையால் அல்ல. ஏர் நேராகப் போகும், எல்லைத் தகராறும் தீரும். தண்ணீர் பள்ள மூலைக்குப் போய்ச் சேரும் என்பதுதான் அதன் குறை. அந்த மூலையில் கல் அடுக்கி, தண்ணீர் வெளியேற ஒரு போக்குவாய் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். வரைபடத்தில் சரியாக இருந்து வயலில் அழிக்கப்படும் வரப்பைவிட இது மேல் என்பது எங்கள் கருத்து.

போடும்போது நடக்கும் தவறுகளும் விருப்பத்தைக் கெடுக்கும். மட்டம் பார்க்க 2 மீட்டர் கம்புகள் இரண்டை ‘ஏ’ வடிவில் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டால் போதும். இரண்டு முளைகள் மேல் சட்டத்தை நிறுத்தி, குறுக்குக் கம்பில் கயிறு விழும் இடத்தில் ஒரு கோடு; கால்களை இடம் மாற்றி நிறுத்தி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவில் கயிறு நின்றால் மட்டம். இதைச் செய்யாமல் கண்ணளவில் போட்டால் எங்காவது ஒரு சாண் தாழ்ந்துவிடும். அந்த நீளத்துத் தண்ணீர் முழுக்க அங்கே திரண்டு, வழிந்து, உடைத்து, சமமாக வழிந்தோடியிருக்க வேண்டியது ஓடையாக அறுத்துவிடும். புதுமண் அமிழும் என்பதால் உயரத்தில் கால் பங்கு கூட்டிப் போட வேண்டும். கரிசலில் சமஉயர வரப்பு வேண்டாம்: கோடையில் வெடிக்கும், மழையில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். அங்கே லேசான சரிவு கொடுத்து வடிய விடுவதே முறை. ஒரு வரப்பு உடைந்தால் ஊரே பார்க்கும். பிறகு எந்தப் பயிற்சி முகாமும் எடுபடாது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் யாத்தெங்கா பகுதியில் தோல்வி, வெற்றி இரண்டும் நடந்திருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் விவசாயிகளைக் கேட்காமலே இயந்திரங்களை இறக்கி, லட்சம் ஹெக்டேருக்கு மேல் மண் வரப்பு போட்டார்கள். யாரும் பராமரிக்கவில்லை, கரைந்து போயின. 1979-இல் அதே பகுதியில் தொடங்கிய திட்டம் மரம் வளர்ப்பதற்காக வந்தது. விவசாயிகள் அதைச் சோளத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்த்து, சமஉயரக் கோட்டில் முழங்காலுக்கும் கீழே கல் வரிசை. தண்ணீர் கற்களுக்கிடையே கசிந்து மெதுவாகப் போகும், வண்டல் பின்னால் தங்கும். அந்தப் பருவத்துப் பயிரிலேயே ஈரம் தெரிந்தது. அதுவே பரவியது.

அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் புதுமைகள் பரவும் விதத்தை விளக்கியபோது, சிறிய அளவில் சோதித்துப் பார்க்க முடிகிறதா என்பதையும் ஒரு காரணியாகச் சொன்னார். புது விதையை ஒரு மூலையில் தூவிப் பார்க்கலாம். கால்வாசி வரப்பு போட்டுப் பார்க்க முடியாது. வெட்டிவேர் வரிசையை 15 செ.மீ. இடைவெளியில் ஒரே ஒரு வரி நட்டுப் பார்க்கலாம். அறுத்த பயிரின் தட்டையைத் தரையில் பரப்பும் மூடாக்கும் அப்படித்தான்: தரையில் 30 சதவீதம் மூடினாலே அரிப்பு ஏறக்குறைய பாதியாகும். ஆனால் அந்தத் தட்டையை மாடும் கேட்கும்.

‘மண் பாதுகாப்புக்குத் தயாரா?’ என்று கருத்துக்கணிப்பில் கேட்டால் பெரும்பாலும் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும்; அதற்குச் செலவில்லையே. எத்தனை ஆள் கொடுப்பீர்கள், எவ்வளவு நிலம் விடுவீர்கள் என்று கேட்டால் எண்ணிக்கை இறங்கும். அதைவிடத் துல்லியமான அளவு ஒன்று உண்டு. மானியம் நின்று மூன்று மழைக்காலம் போன பிறகு வயலுக்குப் போய், வரப்பில் நண்டும் எலியும் போட்ட வளையை யார் மண் வைத்து மிதித்து அடைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவது.