சாட்டைச் சொடுக்கு விளைவு: ‘தேவைப் பெருக்கம்’ ஏன் பொருந்தாது

கடை விற்பனை சற்றே மாறினாலும், விநியோகச் சங்கிலியில் மேலே போகப் போக ஆர்டர்களின் ஏற்ற இறக்கம் பெரிதாகிக்கொண்டே போவதுதான் ‘புல்விப் எஃபெக்ட்’ (bullwhip effect). அதற்குத் ‘தேவைப் பெருக்கம்’ என்று எழுதும் மேலாண்மைப் பாடக்குறிப்புகளை அடிக்கடி பார்த்துச் சலித்துவிட்டது.

புல்விப் என்பது மாடோட்டிகளின் நீண்ட தோல் சாட்டை. மணிக்கட்டு சற்றே அசைந்தால் போதும், அதன் நுனி ஒலியின் வேகத்தையும் மிஞ்சிப் பாய்ந்து வெடிக்கும். எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1958-லேயே ஆர்டர்களின் இந்த அலைவை விளக்கினார் என்றாலும், அதற்குச் சாட்டையின் பெயரைச் சூட்டியது பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம். அதைப் பரப்பியது ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1997-இல் எழுதிய கட்டுரை.

பிராக்டர் அண்ட் கேம்பிளின் பாம்பர்ஸ் டயப்பர் கடைகளில் ஏறக்குறைய சீராகவே விற்றது. விநியோகஸ்தர்களின் ஆர்டர்களோ அதைவிட ஏறி இறங்கின. மூலப்பொருளுக்கு நிறுவனமே கொடுத்த ஆர்டர்கள் இன்னும் தாறுமாறாக இருந்தன. இதில் தேவை எங்கே பெருகியது? பெருகியது ஆர்டரின் ஏற்ற இறக்கம். மின்னணுவியலில் ‘பெருக்கி’ (ஆம்ப்ளிஃபையர்) உண்டே என்று வாதிடுவோர், பெருக்கப்படுவது எது என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். மக்கள்தொகைப் பெருக்கம் என்று கேட்டுப் பழகிய கொள்முதல் அலுவலர், ‘தேவைப் பெருக்கம்’ என்றதும் விற்பனை கூடுகிறது என்றே கொள்வார். கூடுதலாக வாங்கிக் கிடங்கை நிரப்புவார். நோயின் பெயரே நோயை வளர்க்கச் சொல்லும் கொடுமை இது. கடை விற்பனையைப் பாராமல் கீழ்நிலையிலிருந்து வரும் ஆர்டரை மட்டும் வைத்து முன்கணிப்பது, லாரி நிரம்பும்வரை ஆர்டரைச் சேர்த்துவைப்பது, தள்ளுபடியில் வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாடு என்றதும் இருமடங்கு கேட்பது ஆகிய நான்கையுமே லீ குழுவினரின் கட்டுரை காரணங்களாகக் காட்டுகிறது. இவற்றில் ஒன்றுகூட நுகர்வோரின் தேவை கூடியதால் வருவதன்று.

வேறு சிலர் எழுதும் ‘காளைச் சாட்டை விளைவு’ என்பது அகராதியைப் புரட்டி ஒட்டுப்போட்ட சொல். வணிகப் பக்கத்தில் காளை என்றால் பங்குச்சந்தைதான் நினைவுக்கு வரும். ஒருமுறையாவது இருப்புப் பதிவேட்டைத் திறந்து பார்த்த மொழிபெயர்ப்பாளர் இவ்விரண்டையும் எழுதியிருக்க மாட்டார்.

சாட்டையைச் சொடுக்குவது தமிழில் உயிரோடுள்ள வழக்கு. ஆகவே ‘சாட்டைச் சொடுக்கு விளைவு’ என்பதே என் தேர்வு. உவமை வேண்டாத இடத்தில் ‘கொள்முதல் அலைவு மிகைப்பு’ எனலாம். மிகைப்படுவது அலைவு என்பது அதில் வெளிப்படையாகவே நிற்கிறது.