மலேசியாவில் பிறந்த பிள்ளை மலேசியக் குடிமகனா? பிறந்த நாளன்று கையில் இருந்த தாள்கள்தான் பதில் சொல்லும்

அமெரிக்க மண்ணில் பிறந்தாலே அமெரிக்கக் குடிமகன் என்ற விதியைப் பற்றிய சண்டையை நம்மூரிலும் பலர் கவனிக்கிறார்கள். 1868-இல் வந்த 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அந்த உரிமையைக் கொடுத்தது. 1898-இல் வோங் கிம் ஆர்க் என்ற சீனக் குடியேறிகளின் மகன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் போட்ட ஆணையோ, தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ தங்கியிருந்து, தந்தையும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இல்லையென்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றது. இதைக் கேட்டுவிட்டு, "நல்லவேளை, நம் பிள்ளை இங்கே கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் பிறந்தான்" என்று நிம்மதிப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே இவ்வளவு கூச்சலைக் கிளப்பிய டிரம்பின் ஆணைக்கு மிக நெருக்கமான ஒன்றுதான் 1962 முதல் மலேசியாவின் சட்டம். இப்போது நம் நாடாளுமன்றம் அதையும் ஒரு படி இறுக்கியிருக்கிறது.

மெர்டேக்கா (சுதந்திர) நாளான 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடியும் வரை இங்கே பிறந்தவர்கள், தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமக்கள். அந்த ஐந்து வருடங்களில் தோட்டத்தில் பிறந்துவிட்டு இன்றும் சிவப்பு ஐ.சி.யோடு (நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை) இருக்கும் தாத்தா பாட்டிகள் முதலில் தங்கள் பிறப்புப் பத்திரத்தின் தேதியைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குத் தேவை குடியுரிமை கேட்கும் மனு அல்ல, ஏற்கெனவே உள்ள குடியுரிமையை உறுதி செய்யக் கோரும் மனு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

1962 அக்டோபர் முதல் விதி மாறியது. மலேசியா உருவான 1963 செப்டம்பர் 16 முதல் பிறந்தவர்களுக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, இரண்டாம் பாகம், செக்‌ஷன் 1(ஏ) பொருந்தும். இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறந்த நேரத்தில் தாய் தந்தையில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் மூன்றாம் பாகத்தில் செக்‌ஷன் 17 இருக்கிறது. சட்டப்படியான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் 'தந்தை' என்றோ 'பெற்றோர்' என்றோ வரும் இடத்தில் எல்லாம் 'தாய்' என்று படிக்க வேண்டும் என்கிறது அது. தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நீல ஐ.சி. (குடிமகனின் அடையாள அட்டை) வைத்திருக்கும் தமிழர் ஒருவர் இந்தியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்த பெண்ணைக் கோயிலில் தாலி கட்டி மணக்கிறார். ஐயர், நாதஸ்வரம், விருந்து எல்லாம் உண்டு. பதிவு மட்டும் இல்லை. 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ள 1976ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்தச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவரின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை. எனவே பிள்ளை தாயின் நிலையைப் பின்பற்றுகிறது. தாய் வெளிநாட்டவர் என்பதால் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வர்கநெகாரா' (குடிமகன் அல்ல) என்று அச்சாகிறது. இதுவே தாய் மலேசியராகவும் தந்தை வெளிநாட்டவராகவும் இருந்து, பிள்ளை இங்கே பிறந்தால், பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளை குடிமகன்தான்.

தந்தைகள் வழக்கமாகக் கேட்பது: "டி.என்.ஏ. எடுத்துக் காட்டுகிறேனே, போதாதா?" போதாது. டி.என்.ஏ. இரத்த உறவைத்தான் காட்டும், திருமணத்தைக் காட்டாது. பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயரைச் சேர்ப்பதும் அப்படித்தான். தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டால் தேசியப் பதிவிலாகா பெயரைச் சேர்க்கும். குடியுரிமை நிலை மாறாது. பிறகு பதிவுத் திருமணம் செய்து பிள்ளையைச் சட்டபூர்வமாக்கினாலும் பிறந்த நேரத்து நிலை மாறிவிடும் என்று நம்ப முடியாது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், மலேசியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோர் பின்னால் மணந்துகொண்டும் குடியுரிமை கிடைக்கவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளின் மனுக்களிலும் பிறந்த நேரம் என்ற அதே அளவுகோல்தான்.

ஆகவே நாள் கணக்குப் போடுங்கள். தேசியப் பதிவிலாகாவில் திருமணத்துக்கு மனு கொடுத்தால் 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. வெளிநாட்டுத் துணைக்குத் தன் தூதரகத்திலிருந்து மணமாகாதவர் என்ற சான்று வேண்டும். அதில் பெயரின் எழுத்துக்கூட்டல் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். குடிநுழைவுத் துறையின் பாஸ் நிலையும் பார்க்கப்படும். தற்காலிக வேலைப் பாஸில் வந்த தொழிலாளி இங்கே மணம் முடிக்கக் கூடாது என்பது அந்தப் பாஸின் நிபந்தனை. பல கோயில் கல்யாணங்கள் பதிவுக்குப் போகாமலே நின்றுவிடுவதற்கு உண்மையான காரணம் சோம்பல் அல்ல, இதுதான். அப்படிப்பட்டவர் முதலில் பாஸ் விஷயத்தைச் சரிசெய்தாக வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். எட்டாம் மாதத்தில் வந்து நின்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே தொடங்குங்கள்.

சிலர் குறுக்கு வழி பார்க்கிறார்கள்: மலேசியரான அக்காளையோ அண்ணியையோ தாயாகக் காட்டிப் பதிவு செய்கிறார்கள். இது குற்றம். பொய் வெளிப்படும் நாளில் பிள்ளைக்கு இருந்த ஒரே பத்திரமும் பறிபோகும்.

குழந்தை பிறந்ததும் 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி தரும் பிறப்பு உறுதிப்படுத்தல், கர்ப்பகாலப் பிங்க் புத்தகம், பெற்றோரின் ஐ.சி. அல்லது கடப்பிதழ், திருமணச் சான்றிதழ் ஆகியவை தேவை. தாயிடம் எந்தப் பத்திரமும் இல்லாவிட்டாலும் பதிவைத் தவிர்க்காதீர்கள். இங்கே பிறந்த எல்லாப் பிள்ளைகளின் பிறப்பும் பதிவாக வேண்டும் என்பதே சட்டம். பதிவும் குடியுரிமையும் வேறு வேறு. தாமதப் பதிவில் பிரசவம் பார்த்தவர், சாட்சிகள், விசாரணை என்று எல்லாம் நீளும். பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்கள் என்றால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்திலும் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும். மலேசியாவும் தராது, இந்தியாவிலும் பதியவில்லை என்ற இடைவெளியில் ஒரு பிள்ளையைத் தொங்கவிடக் கூடாது.

பத்திரம் கையில் வந்தவுடன் கவுண்டரை விட்டு நகராமல் 'தாராஃப் கெவர்கநெகாராஆன்' (குடியுரிமை நிலை) என்ற வரியைப் படியுங்கள். பெயர், தேதி எல்லாம் சரிபார்ப்பவர்கள் இந்த ஒரு வரியை விட்டுவிட்டு, 12 வயதில் மைகாட் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் விழிக்கிறார்கள்.

இனி சிவப்பு ஐ.சி. 2024 அக்டோபர் 17 அன்று மக்களவையில் 206 உறுப்பினர்களின் ஆதரவோடும், டிசம்பரில் மேலவையிலும் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம், மலேசியத் தாய் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கும் தந்தைக்கு நிகரான உரிமையைத் தந்தது. நீண்ட நாள் போராட்டத்தின் பலன் அது, வரவேற்கத்தக்கது. ஆனால் அதே திருத்தம் செக்‌ஷன் 1(ஏ)-யிலிருந்து 'நிரந்தரவாசி' என்பதை நீக்கியது. நீல ஐ.சி. தந்தை, சிவப்பு ஐ.சி. தாய், கோயில் கல்யாணம் மட்டும் என்ற குடும்பத்தில் இதுவரை பிள்ளையைக் காப்பாற்றி வந்தது தாயின் அந்தச் சிவப்பு அட்டைதான். திருத்தம் அமலானபின் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் பிடிமானம் இல்லை. மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பத்தையும் போன வருடம் நிரந்தரவாசம் வாங்கியவரையும் ஒரே தராசில் வைப்பது எங்கள் பார்வையில் அநியாயம். அமலாக்க நாள் அரசிதழ் அறிவிப்பில்தான் தெரியும். மனு எழுதுமுன் அதைப் பாருங்கள். ஏற்கெனவே பிறந்தவர்களுக்குப் பழைய விதிதான்.

பழைய விதியில் பிறந்து இன்னும் நாடற்றவராக இருப்பவர், பிறந்த நாளில் பெற்றோரில் ஒருவர் சிவப்பு ஐ.சி. வைத்திருந்ததை நிரூபிக்க வேண்டும், தந்தையின் ஐ.சி. என்றால் பெற்றோரின் திருமணத்தையும். அட்டை தொலைந்து, ஆளும் இறந்திருப்பார். இறப்புப் பத்திரத்தில் ஐ.சி. எண் இருக்கும். ஊழியர் சேமநிதிக் கணக்கு, தோட்ட நிர்வாகத்தின் பேரேடு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு ஆகியவற்றிலும் தேடலாம். எண் கிடைத்தால் பதிவிலாகாவில் அதன் நிலையை எழுத்தில் உறுதிப்படுத்தக் கேட்கலாம்.

இப்போது அந்த இரண்டு மனுக்கள். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 14ஆவது விதியின்படி குடிமகன் என்றால் அது சட்டமே தரும் உரிமை. நீதிமன்றத்தில் அறிவிக்கக் கோரலாம். 15ஏ விதி என்பதோ சிறப்புச் சூழ்நிலையில் அரசு தன் விருப்பப்படி தருவது. அதற்குத் திருத்தத்துக்கு முந்தைய விதிப்படி 21 வயதுக்குள் மனுச் செய்ய வேண்டும். புதிய திருத்தம் இதை 18 ஆகக் குறைக்கிறது. அரசின் அந்த முடிவை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யக் கூடாது என்ற தடையும் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தகுதி 14-இன் கீழ் இருக்கும்போதே கவுண்டரில் நீட்டப்படும் 15ஏ பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் அதிகம். பாரத்தில் எந்த விதி எண் அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மறுப்புக் கடிதம் பெரும்பாலும் இரண்டே வரிதான், காரணம் இருக்காது. 14ஆவது விதிப்படியான உரிமை மறுக்கப்பட்டால், நீதிமுறை மறுஆய்வுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாதமே கெடு. கடிதத்தை உறையோடு வைத்து, கைக்கு வந்த தேதியை அதன் மேல் எழுதி, அந்த வாரமே வழக்கறிஞரிடமோ அரசாங்கச் சட்ட உதவி இலாகாவிடமோ கொண்டுபோங்கள்.